புயலில் சிக்கிய சொகுசுக் கப்பல்: "கப்பல் தாங்கும்" என்ற பதில் போதுமா?

நெய்தல்

சென்ற மாதம் என் தாயாரும் நானும் பெருங்கடலைக் கடக்கும் சொகுசுக் கப்பல் ஒன்றில் பயணம் செய்தோம். ஐந்தாம் நாள் மாலை தொடங்கிய புயல் மறுநாள் நண்பகல் வரை, ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் எங்களை விடவில்லை. எங்கள் அறை ஒன்பதாவது தளத்தில், கப்பலின் முன்பகுதியில் இருந்தது. முன்பகுதி அலையின் மேல் ஏறி அடுத்த பள்ளத்தில் விழுந்து தண்ணீரை அறைந்த ஒவ்வொரு முறையும் பாறையில் மோதிவிட்டோம் என்றே எண்ணினோம். அதன் பிறகு சில நொடிகள் சுவர், கட்டில், தண்ணீர்க் குவளை என எல்லாமே நடுங்கிக்கொண்டிருந்தன. இழுப்பறைகள் தாமாகத் திறந்து தாமாக மூடிய ஓசை இன்றும் என் உறக்கத்தில் கேட்கிறது.

இரவு ஒன்பது மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் ஒரு நிமிடம் பேசினார். வானிலை சற்று மோசமாக இருக்கிறது, வேகத்தைக் குறைத்திருக்கிறோம், கப்பல் இதைத் தாங்கும், அறையிலேயே இருங்கள் என்றார். விடியும் வரை வேறு அறிவிப்பு இல்லை. வேகத்தைக் குறைத்த பிறகு ஆட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. பின்னிரவு இரண்டு மணிக்குக் குளியலறைக்கு எழுந்த என் தாயார், கப்பல் சாய்ந்து நிமிர்ந்தபோது பிடிமானம் தவறி விழுந்தார்; வலது மணிக்கட்டு முறிந்தது. அவருக்கு வயது 71.

என் கேள்வி இதுதான். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கே ஊழியர்கள் நீச்சல் குளத்தை வடித்துவிட்டு, மேல்தளத்து நாற்காலிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்கு நடைவழிக் கைப்பிடிகளில் வாந்திக்கான காகிதப் பைகள் செருகப்பட்டிருந்தன. ஆக, அறிவிப்புக்கு ஏழு மணி நேரம் முன்பே புயல் வருவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலிகளைப் பற்றி எடுத்துக்கொண்ட கவனத்தை மனிதர்களைப் பற்றி ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

திசைகாட்டி

உங்கள் தாயார் விரைவில் நலம் பெற வேண்டும். சரக்குக் கப்பல்களிலும் பயணிகள் கப்பல்களிலுமாக 26 ஆண்டுகள் கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரியாக இருந்தவன் என்ற முறையில் உங்களுடன் சில இடங்களில் மாறுபடுகிறேன்.

முதலில், வேகம் குறைந்ததும் ஆட்டம் கூடியது ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கப்பலின் இருபுறமும் நீர்மட்டத்துக்குக் கீழே விமான இறக்கையைப் போன்ற ஸ்டெபிலைசர் துடுப்புகள் உண்டு. அவை நீரை வெட்டிக்கொண்டு ஓடும்போதுதான் பக்கவாட்டுச் சாய்வை எதிர்க்கும் விசை பிறக்கும். வேகம் பாதியானால் அந்த விசை கால்பங்காகச் சுருங்கிவிடும். ஆனால் வேகத்தைக் குறைக்காமல் எதிரலையில் ஓட்டினால், நீங்கள் பாறை என்று எண்ணிய அந்த அறைதல் பன்மடங்கு கடுமையாகி, முன்பக்கச் சாளரங்களையும் கப்பலின் உடலையும் சேதப்படுத்தும். எனவே கேப்டன் அலைக்கு முகம் கொடுத்து, சுக்கானுக்குக் கப்பல் கட்டுப்படும் அளவு வேகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார். உங்களுக்கு மோசமாகத் தோன்றிய அந்த முடிவுதான் உங்களைக் காத்தது.

பயணிகளை அதிகம் அச்சுறுத்துவது கப்பல் ஒருபுறம் சாய்ந்து, மீளத் தயங்குவதுபோல் நிற்கும் அந்தக் கணம். அது பலவீனத்தின் அடையாளம் அன்று. நிலைத்தன்மை மிக அதிகமான கப்பல் வெடுக்கென்று நிமிர்ந்து மனிதர்களைத் தூக்கி எறியும். அவ்வாறு நிகழாதிருக்கவே சொகுசுக் கப்பல்களை மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிருமாறு வடிவமைக்கிறார்கள்.

அறிவிப்பைப் பொறுத்தவரை, புயலைக் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வின் பாதை சில மணி நேரத்தில் மாறக்கூடியது. குளத்தை வடிப்பதும் நாற்காலிகளைக் கட்டுவதும் புயல் உறுதியாகிவிட்டதால் செய்வதல்ல, வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காகச் செய்வது. வராத புயலுக்காக ஆயிரக்கணக்கானோரைக் கலங்கடிக்க எந்தக் கேப்டனும் விரும்பமாட்டார்.

கோடைமழை

அறிவிப்பு எப்போது வந்தது என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் கப்பல் அந்த நேரத்தில் அந்தக் கடலில் ஏன் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

2016 பிப்ரவரியில் ஆன்தம் ஆஃப் தி சீஸ் என்ற பெருங்கப்பல் நியூ ஜெர்சியிலிருந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளுடன் புறப்பட்டு, மறுநாளே அமெரிக்கக் கிழக்குக் கரையின் கேப் ஹட்டெராஸ் முனை அருகே சூறாவளிக்கு நிகரான காற்றில் சிக்கியது. பயணிகள் மணிக்கணக்கில் அறைகளிலேயே இருக்க வேண்டியிருந்தது; பயணம் கைவிடப்பட்டுக் கப்பல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. காற்று முன்னறிவிப்பைவிட வலுவாக இருந்தது என்பது நிறுவனத்தின் விளக்கம். ஆனால் அதற்குப் பிறகு அதே நிறுவனம் தனக்கென ஒரு தலைமை வானிலை ஆய்வாளரை நியமித்தது. முன்பிருந்த ஏற்பாடு போதுமானதாக இருந்திருந்தால் அந்த நியமனத்துக்குத் தேவை என்ன?

பயண அட்டவணை என்பது பணம். ஒரு நாள் தாமதமானால் அடுத்த பயணத்துக்குக் காத்திருப்போர், துறைமுக ஒதுக்கீடு, விமானச் சீட்டுகள் என எல்லாமே குலையும். அந்த அழுத்தம் கேப்டன் நின்று கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ் வரை போகாது என்று சொல்லாதீர்கள்.

திசைகாட்டி

அழுத்தமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் கேப்டனின் பக்கம் நிற்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் 5ஆம் அத்தியாயம், 34-1 விதியின்படி, பாதுகாப்புக்குத் தேவை என்று கேப்டன் தம் தொழிலறிவால் எடுக்கும் எந்த முடிவையும் உரிமையாளரோ நிறுவனமோ தடுக்க முடியாது.

துறைமுகத்திலேயே இருந்திருக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு எழும் கப்பலின் பக்கச்சுவர் காற்றுக்கு ஒரு பாய்மரப் பாய் போன்றது. 2013 ஏப்ரலில் கார்னிவல் டிரையம்ஃப் கப்பல் பழுதுபார்ப்புக்காக அமெரிக்காவின் மொபைல் என்ற துறைமுக நகரில் கட்டப்பட்டிருந்தபோது, பலத்த காற்றில் கட்டுக்கயிறுகள் அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. அன்று கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஆழமும் சுற்றிலும் இடமும் உள்ள திறந்த கடல், பல நேரங்களில், கரையைவிடப் பாதுகாப்பானது. கப்பலுக்கு முதல் எதிரி அலையல்ல, கரை.

கோடைமழை

அப்படியானால் கரைக்கு அருகில் புயலுக்குள் போன கப்பலைப் பற்றியும் பேசுவோம். 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா பகுதியில், 1,373 பேருடன் சென்ற வைகிங் ஸ்கை கப்பலின் இயந்திரங்கள் புயலின் நடுவே நின்றன. எண்ணெய்த் தொட்டிகளில் மசகு எண்ணெய் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் பம்புகள் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சின. இயந்திரங்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டன. பாறைகளுக்கு ஏறக்குறைய ஒரு கப்பல் நீளம் இருக்கையில்தான் உந்துவிசை திரும்பக் கிடைத்தது. ஹெலிகாப்டர்கள் 479 பேரை ஒவ்வொருவராகத் தூக்கிச் சென்றன.

அந்தக் கப்பலின் நான்கு இயந்திரங்களில் ஒன்று முன்பே பழுதாகி இயக்கத்தில் இல்லை. ஆபத்து நேர்ந்தாலும் சொந்த சக்தியில் கரை திரும்ப வேண்டும் என்ற பாதுகாப்பு விதியை அது அந்த நிலையில் நிறைவு செய்யவில்லை என்றும், அன்றைய சூழலில் துரோம்சோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டிருக்கவே கூடாது என்றும் நார்வே விசாரணை அமைப்பு 2024இல் முடிவு கூறியது. கேப்டனைத் தடுக்க யாராலும் முடியாது என்கிறீர்கள். அந்த விதி இருந்தும் அந்தக் கப்பல் புறப்பட்டதே!

அமைதிவிரும்பி

நான் நெய்தல் அவர்களின் கேள்விக்குத் திரும்புகிறேன். நானும் ஒரு பயணிதான். கடலைப் பற்றிய தொழிலறிவு எனக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்ற கப்பலில் கேப்டன் எதையும் மறைக்கவில்லை. இன்றிரவு அலை பத்து மீட்டர் வரை எழலாம் என்று மாலை உணவு நேரத்தில் அறிவித்தார். அடுத்த அரை மணி நேரத்தில் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு படிக்கட்டுகளை நோக்கி ஓடியவர்களையும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உயிர்காப்புப் படகுகளின் அருகே போய் நின்றவர்களையும் பார்த்தேன். படிக்கட்டில் இருவர் உருண்டு விழுந்தார்கள். புயல் அப்போது தொடங்கவே இல்லை.

அறிவு எல்லா நேரத்திலும் துணிவைத் தருவதில்லை. கடல் மயக்கத்தில் தலைசுற்றிக் கிடக்கும் மனிதரிடம் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் சொல்வதால் அவருக்கு என்ன பயன்? "கப்பல் தாங்கும், அறையில் இருங்கள்" என்பதைவிடத் தெளிவான சொல் வேறு இருக்க முடியாது என்பது என் கருத்து.

நெய்தல்

உங்கள் அனுபவம் என்னைச் சிந்திக்க வைத்தது, அதற்கு நன்றி. ஆனால் உங்கள் கேப்டன் சொன்னது ஓர் எண்ணை மட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஆபத்து என்றால் மக்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது ஒன்றே ஒன்று, உயிர்காப்புப் படகு. 2012இல் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் விபத்துக்குள்ளான பிறகு, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்றால் எங்கே கூட வேண்டும் என்பது எங்களுக்கும் சொல்லித்தரப்பட்டது. ஆனால் ஆடும் கப்பலில் எப்படி எழ வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. கப்பலைக் கைவிடும் நிலை வாழ்நாளில் ஒருவருக்கும் நேராமல் போகலாம். கடுமையான ஆட்டமோ பலருக்கும் நேர்கிறது.

2023 நவம்பரில் பிஸ்கே விரிகுடாப் புயலில் ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி என்ற கப்பல் திடீரெனத் திரும்பி நின்றபோது சுமார் 100 பேர் காயமடைந்தார்கள். கப்பல் மூழ்கவில்லை, கரை சேர்ந்தது. "கப்பல் தாங்கும்" என்பது அங்கேயும் உண்மையாகவே இருந்தது. காயமடைந்தவர்களுக்கு அந்த உண்மையால் என்ன கிடைத்தது?

மௌனத்தின் மறு எல்லையும் இருக்கிறது. 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கரையோரம் புயலில் ஓசியானோஸ் கப்பலுக்குள் நீர் புகுந்தபோது, அபாய ஒலி எழுப்பப்படவில்லை. கேப்டனும் அதிகாரிகளும் பயணிகளுக்கு முன்பே வெளியேறினார்கள். ரேடியோவில் உதவி கேட்டு, மக்களை ஒழுங்குபடுத்தியவர்கள் மேடையில் பாட வந்த கலைஞர்கள். அதில் இருந்த 571 பேரும் பிழைத்தார்கள். பயணிகளுக்குச் செய்தி தெரிந்தால் குழப்பம் வரும் என்பவர்கள், செய்தி தெரிந்த சாதாரண மனிதர்கள் அன்று எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

திசைகாட்டி

இரண்டு நாட்கள் யோசித்த பிறகே இதை எழுதுகிறேன்.

நண்பர் கோடைமழை சொன்ன வைகிங் ஸ்கை நிகழ்வில் எனக்கு மறுப்பு இல்லை. விதி கேப்டனுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் மனத்திண்மையை விதியால் தர முடியாது. ஆனால் அதை வைத்து, புயலில் சிக்கிய ஒவ்வொரு கப்பலும் பணத்துக்காகத்தான் அங்கே சென்றது என்று கூறுவதை ஏற்கமாட்டேன். முன்னறிவிப்பில் சொல்லப்படும் அலை உயரம், உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஆறு மீட்டர் என்று அறிக்கை சொன்னால், அதே கடலில் சில மணி நேரத்துக்குள் பதினொரு மீட்டர் அலை ஒன்று எழுவது இயல்பே. 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் டிராப்னர் என்ற எரிவாயு மேடையில் பதிவான அலை 25.6 மீட்டர், அப்போது அங்கே அந்தச் சராசரி முறையில் கணக்கிடப்பட்ட அலை உயரமோ ஏறத்தாழ 12 மீட்டர்தான். அறிக்கையைச் சரியாகப் படித்து, சரியாக முடிவெடுத்த கேப்டனும் இத்தகைய அலையைச் சந்திக்க நேரலாம்.

அறிவிப்பைப் பற்றி நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். புயல் உறுதியாகாத நிலையில் குளத்தை வடிப்பது சரி என்றால், அதே நிலையில் பயணிகளிடம் சொல்வதும் சரியே. பயணிகள் கப்பலில் நான் இருந்த நாட்களில் ஊழியர்களுக்கு அன்றே சொல்லிவிடுவோம்: மேசைமேல் உள்ளவற்றைத் தரையில் வை, கனமான கதவின் விளிம்பில் விரல் வைக்காதே, கப்பல் நிமிர்ந்த பிறகே அடியெடுத்து வை, இரவில் விளக்கை எரியவிடு, காலில் பிடிப்புள்ள செருப்பு இருக்கட்டும். பயணிகளுக்கு ஏன் சொல்லவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். சொல்லக் கூடாது என்று எவரும் எங்களுக்குக் கட்டளையிட்டதில்லை. பயணியை விருந்தாளியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். உங்கள் தாயாரைப் போன்ற முதியவர்களை அன்றிரவு நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்துக் கூடத்தில் மெத்தை விரித்துப் படுக்க வைத்திருக்கலாம். ஆட்டம் குறைவாக உணரப்படும் இடம் அதுதான். அதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது.

அமைதிவிரும்பி

என்ன செய்ய வேண்டும் என்பதை எண்கள் இல்லாமல், நிதானமான குரலில், பகல் வெளிச்சத்திலேயே சொல்வதாக இருந்தால் எனக்கும் மறுப்பில்லை. அலையின் உயரத்தைச் சொல்லத் தேவையில்லை என்பதில் மட்டும் மாற்றமில்லை.

கோடைமழை

நான் என் நிலையிலிருந்து விலகவில்லை. மெத்தை விரிப்பது நல்ல யோசனைதான். ஆனால் மெத்தை விரிக்க வேண்டிய கடலுக்குள் போவதைத் தவிர்க்க முடிந்ததா என்று விசாரிக்கும் கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய நாள் அவர்கள் கையில் இருந்த வானிலை அறிக்கையை நெய்தல் அவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

நெய்தல்

நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தை இன்று முடித்துவிட்டேன். திசைகாட்டி ஐயா குறிப்பிட்ட ஐந்து அறிவுரைகளையும், நடுப்பகுதிக் கூடத்தைப் பற்றிய யோசனையையும் அப்படியே சேர்த்திருக்கிறேன். வானிலை அறிக்கையையும் கேட்டிருக்கிறேன். அவற்றோடு கப்பலின் நாட்குறிப்பிலிருந்து ஒரே ஒரு பதிவையும் கேட்டிருக்கிறேன்: நீச்சல் குளத்தை வடிக்கும்படி அன்று எத்தனை மணிக்கு உத்தரவிடப்பட்டது என்று. என் தாயார் இடது கையால் கையெழுத்திட்டிருக்கிறார். பதில் வந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.