மறு: ஃபேஷன் பிளேட் – 'நவநாகரிகத் தகடு' வேண்டாம், 'மோஸ்தர்த்தாள்' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அருங்காட்சியகப் பட்டியல் சொற்களில் ஃபேஷன் பிளேட்டுக்கு, அதாவது புது உடைப்போக்கைக் காட்டும் அச்சுப்படத்துக்கு, 'நவநாகரிகத் தகடு' என்று வந்திருப்பதை ஏற்க வேண்டாம். தகடு என்பது செதுக்கிய செம்பு. பெட்டியில் இருப்பதோ அதிலிருந்து அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டிய தாள். பாரிஸில் 1785இல் தொடங்கிய 'கபினே தே மோத்' இதழில் எட்டுப் பக்க உரையோடு இப்படி மூன்று தாள்கள் வரும்.

இரண்டையும் தகடு என்றால் அளவு எழுதும்போதே குழப்பம். ஈரத்தாளில் செம்பு அழுந்திய விளிம்புதான் தகட்டுத்தடம். அதன் அளவு வேறு, தாளின் அளவு வேறு. பைண்டர் ஓரத்தை வெட்டியிருந்தால் தடமே இருக்காது. கல்லச்சுத் தாளிலோ செம்புக்கே வேலையில்லை.

என் பரிந்துரை 'மோஸ்தர்த்தாள்'. மாதிரி, உடையின் புதுப்போக்கு என்ற இரு பொருளும் மோஸ்தரில் உண்டு. இந்தத் தாளைத் தையற்காரரிடம் காட்டித்தானே தைக்கச் சொன்னார்கள்.

---

ஐயா, 'தாள்' எனக்கும் சம்மதம். மோஸ்தரில் கிரந்தம் வருகிறதே, 'பாணித்தாள்' போதாதா? காஸ்ட்யூம் பிளேட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

---

அம்மா, அந்த இரண்டையும் ஒன்றாக்கினால் பட்டியலே கெட்டுவிடும். காஸ்ட்யூம் பிளேட், பழங்காலத்து உடையையோ ஒரு வட்டாரத்து உடையையோ பதிவு செய்வது. அதை 'உடைப்படத்தாள்' எனலாம். மோஸ்தர்த்தாள் இந்தப் பருவத்தில் எதை உடுத்துவது என்று சொல்வது. பாணி என்றால் இசை, ஓவியம், எழுத்து எல்லாவற்றுக்கும் பொது. கிரந்தம் வேண்டாதவர்கள் 'மோசுதர்' என்று எழுதட்டும். தேடலில் இரு வடிவையும் சேர்த்துவிடலாம்.

மோஸ்தர்த்தாளுக்கு ஆண்டுதான் உயிர். பாரிஸில் வெளிவந்த 'கோஸ்தியூம் பாரிசியன்' என்ற வரிசைத் தாளின் தலையில் 'ஆன் 8' என்றிருந்தால் அது பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டியின் 8ஆம் ஆண்டு: 1799 செப்டம்பர் முதல் 1800 செப்டம்பர் வரை. அதைப் படத்தின் வரிசை எண்ணாக எழுதிவிடக் கூடாது. மேல் ஓரம் வெட்டுப்பட்டால் ஆண்டும் போயிற்று. நிறத்தை வைத்தும் முடிவு கட்ட முடியாது. கைவண்ணம் என்பதால் ஒரே தகட்டில் அச்சான இரு படிகளில் ஒரே கவுன் ஒன்றில் நீலமாகவும் மற்றதில் ரோஜா நிறமாகவும் இருக்கலாம். ஆகவே படிக்கு ஒரு பதிவு.

லண்டனில் ஆக்கர்மன் என்ற பதிப்பாளர் 1809இல் தொடங்கிய இதழில் அசல் துணித்துண்டுகளையே ஒட்டியிருப்பார்கள். அவற்றுக்குத் 'துணி மாதிரி' போதும்; அங்கே மோஸ்தர் வேண்டாம்.