மழைமானிக்குள் குளவிக்கூடு: நீரியல் கணக்கில் நாம் பட்ட பாடு

மழை, ஓடை, ஊடுருவல் என்று எதையாவது கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இங்கே எழுதுங்கள். பிள்ளையார் சுழியை நானே போட்டுவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம். 40 ஹெக்டேர் பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது, உச்ச ஓட்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். மழைச் செறிவையும் பரப்பையும் வைத்து உச்ச ஓட்டம் காணும் ரேஷனல் முறைதானே! ஓடுநீர்க் குணகம் (மழையில் ஓடிவரும் பங்கு) 0.35, மழைச் செறிவு மணிக்கு 50 மி.மீ., பரப்பு 40. மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தேன். வினாடிக்கு 1.94 கன மீட்டர். அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மேலதிகாரி தாளைப் பார்த்தார். "இந்த 50 எங்கிருந்து வந்துச்சு?"

"ஒரு மணி நேர மழை சார்."

"ஒரு மணி நேரம்னு யார் சொன்னது? மேட்டுக் கோடியில விழுற தண்ணி பாலத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு உட்கார்ந்து பார்த்தேன். மிக நீளமான ஓட்டப்பாதை 900 மீட்டர், சரிவு 1.6 சதவீதம். தண்ணீர் வந்துசேரும் நேரத்தைத் தரும் கிர்பிச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 18 நிமிடம். அந்த 18 நிமிடத்துக்கான செறிவை, மழை நேரத்துக்கேற்பச் செறிவைக் காட்டும் வளைகோட்டில் பார்த்தால் மணிக்கு 95 மி.மீ. ஓட்டம் 3.69 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட இரட்டிப்பு. மழை அதைவிடக் குறைந்த நேரம் பெய்தால் மேட்டுத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் மழை நின்றுவிடும். அதிக நேரம் என்று எடுத்தால் செறிவு இறங்கிவிடும். 1851லேயே பொறியாளர் மல்வேனி இந்த நேரக் கணக்கைச் சொல்லிவிட்டார். நான்தான் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

* * *

நல்ல இழை. என்னுடையது கருவிக் கதை.

டிப்பிங் பக்கெட் மழைமானி: உள்ளே சிறு வாளி நிரம்பிக் கவிழும்போதெல்லாம் ஒரு தட்டு பதிவாகும், ஒரு தட்டுக்கு 0.2 மி.மீ. ஒரு நாள் பதிவில் 310 தட்டு, அதாவது 62 மி.மீ. பக்கத்தில் இருந்த சாதாரண மழைமானியிலும் அதே 62. இரண்டும் ஒத்துப்போகிறது என்று நானும் திருப்தியாக விட்டுவிட்டேன். அந்த மழையை வைத்து, மழையிலிருந்து ஓட்டத்தைக் கணிக்கும் மாதிரியை ஓட்டினால் வரும் உச்ச ஓட்டம், ஓடையில் அளந்ததில் பாதிகூட இல்லை. ஊடுருவல் எண்ணைக் குறைத்தேன், நிலப்பயன்பாட்டை மாற்றினேன், ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

கடைசியில்தான் தட்டு விழுந்த நேரங்களை வரிசையாகப் பார்த்தேன். 50 வினாடிக்கு ஒன்று, 50 வினாடிக்கு ஒன்று... நாலேகால் மணி நேரமும் இதே கதி, கடிகாரம் மாதிரி. எந்த மழை இப்படிப் பெய்யும்? அங்கே இருந்தவர்களைக் கேட்டால், "ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துட்டு நின்னுடுச்சு" என்கிறார்கள்.

போய்ப் புனலைக் கழற்றினேன். வலைக்குக் கீழே குளவி கட்டிய மண்கூடு, அதன்மேல் ஓர் இறகு ஒட்டிக்கொண்டு. தண்ணீர் புனலில் தேங்கி நின்று சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. மொத்தம் சரி, செறிவுதான் போச்சு: மணிக்கு 62 மி.மீ. பெய்த மழையைக் கருவி 14.4 என்று எழுதிவைத்திருந்தது. மொத்த அளவை மட்டும் ஒப்பிட்டுக் கருவி நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

* * *

குளவிகூட இல்லாமல் ஏமாந்தவன் நான். தினசரி மழையைக் காலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு அளப்பார்கள் அல்லவா? ஒரே இரவில் தொடங்கி மறுநாள் முற்பகல் வரை பெய்த மழை, பதிவேட்டில் 58, 64 என்று இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தது. ஆண்டின் உச்ச ஒருநாள் மழை 64 என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் 24 மணி நேரத்துக்குள் 122. இப்படி வெட்டுப்படும் என்பதால்தான் ஒருநாள் உச்சங்களை 1.13ஆல் பெருக்கி 24 மணி நேர மதிப்பாக்கும் வழக்கம். ஆனால் அது பல ஆண்டுச் சராசரிக்கான திருத்தம். என் மழையில் 64ஐ 1.13ஆல் பெருக்கினால் 72தான் வரும்.

* * *

இரட்டை வளையத்தோடு வெயிலில் வெந்தவர்கள் யாரும் இல்லையா? சரி, நான் எழுதுகிறேன்.

முதுநிலைப் படிப்பில் ஊடுருவல் சோதனை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்களை மண்ணில் அடித்து, ஊற்றிய தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது. 30 செ.மீ. உள்வளையம், 60 செ.மீ. வெளிவளையம். நானும் தோழியும் இரண்டு மணி நேரம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். முதல் ஐந்து நிமிடத்தில் மணிக்கு 120 மி.மீ. வேகம். அப்புறம் இறங்கி இறங்கி 14க்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஊடுருவல் நேரம் போகப் போகக் குறைவதைக் காட்டும் ஹார்ட்டன் வளைகோடு புத்தகத்தில் இருப்பது போலவே வருகிறதே என்று குதித்தோம்.

அப்புறம் பேச்சு சுவாரசியத்தில் வெளிவளையத்தை மறந்துவிட்டோம். அது வற்றியதும் உள்வளைய மட்டம் விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தது. 14ஆக இருந்த எண் 31 ஆனது. வெளியே ஈரம் இல்லாததால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடுகிறது. நாங்கள் மண் "திறந்துகொண்டது" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தோம்! பேராசிரியர் அந்த வார்த்தையைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டார்.

அதே நாள் மூன்று மீட்டர் தள்ளி, ஆட்கள் நடந்து இறுகிப்போன ஒற்றையடிப் பாதையில் வளையத்தை அடித்தோம். மணிக்கு 3. எந்த எண்ணை அந்த முழுப் பரப்புக்கும் போடுவது? அறிக்கையில் இரண்டின் சராசரியைப் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

* * *

தங்கச்சி சொன்ன அந்தச் சராசரியைப் பெரிய அலுவலகங்களிலேயே போடுகிறார்கள், கவலைப்படாதீர்கள்.

எனக்கு ஓடை அளவுதான் தொழில். ஓர் ஆற்றில் கரண்ட் மீட்டரால் (நீரோட்ட வேகமானி) அளந்த மிக உயர்ந்த மட்டம் 1.8 மீட்டர். ஒரு வெள்ளத்தில் அளவுகோல் 4.1 காட்டியது. அலுவலகத்தில் ஒருவர் எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் ரேட்டிங் வளைகோட்டை மடக்கைத் தாளில் ஸ்கேல் வைத்து அப்படியே நீட்டி ஓட்டத்தைச் சொல்லிவிட்டார். ஆனால் 2.6 மீட்டரிலேயே தண்ணீர் கரை தாண்டிவிடும்! அதற்கு மேலே அது வேறு ஆறு. அகலம் வேறு, புதருக்குள் வேகம் வேறு.

நாங்கள் வெள்ளம் வடிந்ததும் போய், மரப்பட்டையில் ஒட்டியிருந்த சேற்றுக்கோடுகளை மட்டக்கருவியால் எடுத்து, நீர்ப்பரப்பின் சரிவைக் கண்டுபிடித்து, சரிவு, சொரசொரப்பு முதலியவற்றிலிருந்து வேகத்தைத் தரும் மேனிங் சமன்பாட்டில் போட்டோம். ஆற்றுப் படுகைக்கு 0.035, புதர்க்கரைக்கு 0.10 என்று தனித்தனிச் சொரசொரப்பு. சேற்றுக்கோட்டை உடனே எடுத்துவிட வேண்டும், அடுத்த மழை வந்தால் கழுவிவிடும். வெள்ளம் ஓடும்போதே மிதவை விட்ட தம்பி ஒருவன், மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 2.4 மீட்டரை அப்படியே சராசரி வேகமாக எழுதியிருந்தான். மேற்பரப்பு வேகம் சராசரியைவிட அதிகம்; 0.85ஆல் பெருக்கினால் 2.04. அவனைத் திட்டவில்லை. நள்ளிரவில் கைவிளக்கோடு நின்று காய்ந்த கொம்பை விட்டு நேரம் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

* * *

கர்வ் நம்பர் (மண்ணையும் நிலப்பயன்பாட்டையும் வைத்து ஓடுநீரைக் கணிக்கும் எண்) கதை சுருக்கமாக. எண் 75, மழை 100 மி.மீ.; ஓடுநீர் 41 மி.மீ. வரும் என்று எழுதிக் கொடுத்தேன். நீர்த்தேக்கத்துக்கு வந்ததோ அதைவிட மிக அதிகம். முந்தைய நான்கு நாளும் மழை பெய்து மண் ஊறிக் கிடந்ததை நான் பார்க்கவே இல்லை. ஈரநிலைக்கு 75 என்பது 88 ஆகும். அதில் போட்டால் 68 மி.மீ. நான்கு நாள் மழைப் பதிவும் என் மேசையிலேயே, அதே கோப்பில், இரண்டு பக்கம் முன்னால் இருந்தது.

* * *

குளவிக்கூடு எழுதிய நண்பருக்கு: உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் நிலையத்தின் தட்டு நேரங்களைப் பிரித்துப் பார்த்தேன். போன மாதத்தில் மூன்று மழை, மூன்றிலும் 40 வினாடிக்கு ஒரு தட்டு. நாளைக் காலை ஸ்க்ரூட்ரைவரோடு போகிறேன்.