ஒரே ஜெபம், இரண்டு வாசகம்: கூட்டுச் செபத்துக்கு வழி சொல்லுங்கோ

திருகோணமலை உவர்மலையில் கத்தோலிக்க, மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே குடும்பங்கள் ஏழு, மாதமொரு வீட்டில் கூடுகிறோம். வேதவாசிப்பு, பாட்டு, தேநீர் எல்லாம் சுகம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில்தான் சிக்கல். மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே பக்கம் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே', கத்தோலிக்கப் பக்கம் 'விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே'. இரண்டாம் வரியிலேயே இரைச்சல். 'தீமையிலிருந்து' என்ற வரியோடு கத்தோலிக்கர் நிறுத்த, மற்றவர்கள் 'ராஜ்யமும் வல்லமையும்' என்று தொடர்வார்கள். திருப்பலியில் அந்த இடத்தில் குருவின் மன்றாட்டு வருவதால் அந்தப் பழக்கம்.

கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து செய்த 1995 திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைப் பிரதியெடுத்துக் கொடுத்தோம். முதியவர்களின் நாக்கு பழைய சொல்லுக்கே போகுது. ஒருவர் மட்டும் சொல்ல, மற்றவர்கள் 'ஆமென்' சொல்லியும் பார்த்தோம். அது கேட்பதாகிவிட்டது, செபிப்பதாக இல்லை.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். அதற்குள் ஒரு முடிவுக்கு வர விரும்புகிறோம். கலப்புக் குழுக்களில் நீங்கள் எந்த வாசகத்தை, எந்த இடத்தில் முடித்துச் சொல்கிறீர்கள்?