கோத்தகிரி குளிர்ல, கருத்தடை பண்ண கடுவன் பூனைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

தேயிலைமேடு (கோத்தகிரி):

வணக்கம். வீட்டுல ஒரு கடுவன், நாட்டுப் பூனை, ரெண்டு வயசு. கருத்தடை ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. அப்போ 4.2 கிலோ, இப்போ 5.2. டிரை ஃபுட் கிண்ணம் எப்பவும் நிரம்பியே இருக்கும். சாயங்காலம் கொஞ்சம் பால். மத்தி வாங்குற நாள்ல மீன் பிசைஞ்ச சோறு. தண்ணி ரொம்பக் கம்மியாத்தான் குடிக்குது.

பாக்கெட்ல புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரப்பதம் 10 சதவீதம்னு போட்டிருக்கு, கலோரி போடலை. பின்பக்க அட்டவணை 5 கிலோ பூனைக்கு 75 கிராம்னு சொல்லுது. இந்தக் குளிருக்கு அதைவிடக் கூட வைக்கணும்னு வீட்டுல சொல்றாங்க. எவ்வளவு வைக்கலாம்? வீட்டுலயே சமைச்சுக் கொடுத்தா இன்னும் நல்லதா?

சாம்பல்வால் (குன்னூர்):

கூட வைக்க வேண்டாங்க, குறைக்கணும். ராத்திரி பூரா தோட்டத்துல சுத்துற பூனைக்குக் குளிர்ல கூடுதலா வேணும்தான். போர்வை மேல சுருண்டு தூங்குற பூனைக்கு வெளியில எவ்வளவு பனி கொட்டினாலும் கணக்கு மாறாது. கருத்தடைக்கு அப்புறம் உடம்புக்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறைஞ்சிடும், பசி மட்டும் கூடும். அந்த நேரத்துல கிண்ணம் நிரம்பியே இருந்தா ஒரு கிலோ ஏறத்தான் செய்யும்.

அந்த அட்டவணையில இருக்குற 5 கிலோ, ஒல்லியா இருக்கும்போதே 5 கிலோ இருக்குற பூனைக்கு. உங்க பூனையோட சரியான எடை 4.2 பக்கம்தான், அதனால அந்த எடைக்குத்தான் கணக்கு போடணும். போன் கால்குலேட்டர் போதும். 4.2 × 4.2 × 4.2 = 74. அதுக்கு ரெண்டு தடவை வர்க்கமூலம் எடுங்க, 2.93 வரும். அதை 70ஆல பெருக்கினா 205. சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கிற கிலோகலோரி இது (இனி கலோரின்னே சொல்றேன்). எடை சரியா இருக்குற, கருத்தடை ஆன பூனைக்கு இதுல 1.2 மடங்கு, அதாவது 246 வேணும். குறைக்க வேண்டியதுக்கு 200ல ஆரம்பிக்கலாம்.

பாக்கெட்ல கலோரி இல்லைன்னா நாமளே கண்டுபிடிக்கலாம். சாம்பல் (தாது உப்புகள்) அளவு போடலைன்னா 8னு வைங்க. 32, 12, 4, 10, 8 எல்லாம் கூட்டி 100ல கழிச்சா 34 மிச்சம், அதுதான் மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலயும், கொழுப்பை 8.5ஆலயும் பெருக்குங்க: 112 + 119 + 102 = 333. நூறு கிராமுக்கு 333, ஒரு கிராமுக்கு 3.3 சொச்சம்.

ஆக 200 கலோரியில 20ஐத் தின்பண்டத்துக்கு ஒதுக்கிட்டா, டிரை ஃபுட் 54 கிராம். நடுவுல ஒரு பவுச் ஈர உணவு கொடுத்தா (80 கிராம் பவுச்ல பெரும்பாலும் 50லிருந்து 75 கலோரி, 60னு வைப்போம்) டிரை ஃபுட் 36 கிராம் போதும். ஒரு கிராம் துல்லியமா காட்டுற சமையலறைத் தராசு வாங்குங்க. டம்ளர் கணக்கு வேண்டாம். தளும்பத் தளும்ப நிரப்புறதுக்கும் தலை தட்டி நிரப்புறதுக்கும் 10 கிராம் சாதாரணமா மாறும். அந்தப் பத்து கிராம்தான் 33 கலோரி, உங்க பூனையோட ஒரு நாள் சாப்பாட்டுல ஆறுல ஒரு பங்கு.

ஒரே நாள்ல பாதியாக்கிடாதீங்க. குண்டான பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா உடம்புக் கொழுப்பு மொத்தமா ஈரலுக்குப் போய்ச் சேர்ந்து ஈரலே செயலிழந்துடும். உயிருக்கே ஆபத்து. பட்டினி போட்டா தானா இளைக்கும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஒரு நாள் முழுக்க வாயே வைக்கலைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க.

வாரம் 25லிருந்து 50 கிராம் குறைஞ்சா நல்ல வேகம். வாரத்துக்கு 100 கிராம் தாண்டிக் குறைஞ்சா சாப்பாட்டைக் கூட்டணும். 4.2க்கு வர நாலரை மாசத்துல இருந்து ஒன்பது மாசம்கூட ஆகலாம். எடை பார்க்க, பூனையைத் துணிப்பையில உட்கார வெச்சு, லக்கேஜ் எடை பார்க்குற தொங்கு தராசுல மாட்டுங்க. குளியலறைத் தராசு 100 கிராம் கணக்குலதான் காட்டும், இதுக்கு உதவாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, காலையில வெறும் வயித்துல பாருங்க.

கையாலயும் பாருங்க. விலாவை அழுத்தாமத் தடவினா எலும்பு ஒவ்வொண்ணும் தட்டுப்படணும். மேலிருந்து பார்த்தா விலாவுக்குப் பின்னாடி இடுப்பு உள்வாங்கித் தெரியணும். பின்னங்கால்களுக்கு நடுவுல தொங்குற தோல் மடிப்பை மட்டும் தொப்பைன்னு நினைச்சுடாதீங்க, அது ஒல்லிப் பூனைக்கும் தொங்கும்.

பாலை நிறுத்திடுங்க. வளர்ந்த பூனைகள்ல பெரும்பாலானதுக்குப் பால்சர்க்கரை செரிக்காது, பேதிதான் ஆகும். செரிக்கிற பூனையா இருந்தாலும் 60 மில்லி பால்ல 38 கலோரிக்கு மேல போயிடும்.

அடுப்படி அக்கா (ஊட்டி):

சமையல் கேள்விக்கு நான் சொல்றேன் தம்பி. தின்பண்டமா கொஞ்சம் கொடுக்கிறது நல்லது. முழுச் சாப்பாடா வீட்டுச் சமையலை மட்டும் நம்புறது ஆபத்து.

காரணம் டாரின்னு ஒரு சத்து. பூனை உடம்பு அதைத் தேவையான அளவுக்குத் தயாரிக்காது, மாமிசத்துல இருந்துதான் வரணும். குறைஞ்சா மெல்ல மெல்லக் கண் பார்வை போகும், இதயம் வீங்கித் தளரும். 1987ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள் இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்ட பிறகுதான் பூனை உணவு கம்பெனிகள் அதோட அளவைக் கூட்டினாங்க. சோறு, தயிர், இட்லியில டாரின் இருக்குன்னு கணக்கு வைக்கவே முடியாது. நாய்ச் சாப்பாட்டையும் பூனைக்கு வைக்கக் கூடாது, நாய்க்குக் கணக்கு வேற.

டாரின் தண்ணியில கரையும். கோழியை வேகவெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டினா டாரினையும் சேர்த்துக் கொட்டுறீங்க. எலும்பில்லாத கோழி 250 கிராம், அதுல ரெண்டு துண்டு கோழி இதயமா இருந்தா இன்னும் நல்லது. தண்ணி 100 மில்லி, குக்கர்ல ரெண்டு விசில். உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். ஆறினதும் உதிர்த்து, அந்தச் சாறோடயே ஐஸ் ட்ரேயில நிரப்பி ஃப்ரீசர்ல வைங்க. ஒரு குழிக்கு ஏறக்குறைய 15 கிராம் பிடிக்கும். அதுல சாறும் சேர்ந்திருக்கும், அதனால தினம் ஒரு கட்டி எடுத்தா அந்த 20 கலோரிக்குள்ள அடங்கிடும். வெறும் கறியா வெச்சா 12 கிராம்தான், அரைத் தீப்பெட்டி அளவு.

வெங்காயமும் பூண்டும் வெந்திருந்தாலும் விஷம். ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சு சோகை வர வைக்கும். குழம்புல ஊறின மீனைக் கழுவிக் கொடுத்தாலும் சாறு உள்ள இறங்கியிருக்கும். பூனைக்கு வேண்டிய துண்டை மசாலா போடுறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வேக வைங்க.

மத்தி கொடுக்கலாம், வேகவெச்சு, முள் எடுத்து, ஒரு மத்தியில பாதிச் சதை. பல வகை மீன்கள்ல பச்சையா இருக்கும்போது தயமினேஸ்னு ஒரு நொதி இருக்கும், பி1 வைட்டமினைச் சிதைக்கும். வேகவெச்சா அந்த நொதி போயிடும். பச்சை மீனையே தின்னு பழகின பூனை தலையைக் கீழ தொங்கப் போட்டுத் தள்ளாடினா பி1 குறைபாடா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட போகணும். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு ஆகாது. ஈரல் வாரத்துக்கு ரெண்டு தடவை, விரல் நுனி அளவு. தினமும் ஈரலே தின்னா வைட்டமின் ஏ தேங்கி கழுத்தெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

இன்னொண்ணு, வெறும் கறியில கால்சியம் கிடையாது. தின்பண்டமா கொடுக்கிறப்போ இது பிரச்சினை இல்லை, கறியே முக்கியச் சாப்பாடுன்னு ஆகும்போதுதான். முட்டை ஓட்டைக் கழுவி, வறட்டு வாணலியில வறுத்து, மிக்ஸியில மாவா அரைச்சு, 250 கிராம் கறிக்குக் கால் டீஸ்பூன் சேர்க்கணும். குட்டிகளுக்கு வெறும் கறி மட்டும் போட்டா சில வாரத்துலயே எலும்பு வளைஞ்சு, குதிக்கும்போது முறியும். முட்டை ஓடு கால்சியத்தை மட்டும்தான் சரி பண்ணும். டாரின், துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ எல்லாத்துக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு இல்லாம முழு வீட்டுச் சமையலுக்கு மாறாதீங்க.

குட்டி வெச்சிருக்கிறவங்க இந்த இழையைப் படிச்சுட்டு 50 கிராமோட நிறுத்திடாதீங்க. குட்டிக்குக் கிலோ கணக்குல பார்த்தா பெரிய பூனையைவிட ரெண்டு மடங்குக்கு மேல வேணும். மூணு மாசம் வரைக்கும் நாலு வேளை, ஆறு மாசம் வரைக்கும் மூணு வேளை, குட்டிகளுக்கான உணவாவே கொடுங்க.

தேயிலைமேடு:

ரொம்ப நன்றிங்க. தராசு வாங்கி ரெண்டு நாள் அளந்து பார்த்தேன், தினமும் 85 கிராம் டிரை ஃபுட் உள்ள போகுது. பால் 60 மில்லி. பவுச் வாங்கிப் பாதி கொடுத்துட்டு மீதியை ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள் முகர்ந்துட்டுப் போயிடுது. தண்ணிக்கு என்ன பண்ணலாம்?

பேரிஜம் பனி (கொடைக்கானல்):

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததுல வாசமே எழும்பாது, அதான் போயிடுது. பூனை முதல்ல மூக்காலதான் சாப்பிடும். பவுச்சைச் சுடுதண்ணி டம்ளர்ல மூணு நிமிஷம் நிக்க வைங்க, அல்லது எடுத்து வெச்ச பாதியில ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்குங்க. விரலை வெச்சா சூடும் தெரியக் கூடாது, சில்லுன்னும் இருக்கக் கூடாது. திறந்த பவுச்சை மூடி போட்ட டப்பாவுல ரெண்டு நாள்தான் வைக்கலாம்.

தண்ணி கிலோவுக்கு 50 மில்லி, சாப்பாட்டுல இருக்குற ஈரத்தையும் சேர்த்து. உங்க பூனைக்கு 250 மில்லி பக்கம். டிரை ஃபுட் 54 கிராம்ல அஞ்சு மில்லிதான் கிடைக்கும், ஒரு பவுச்ல 65 மில்லி. அதனாலதான் கடுவனுக்கு ஒரு பவுச்சாவது கொடுங்கன்னு சொல்வேன். டிரை ஃபுட்ல ஒரு வேளைக்கு 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி வைக்கலாம், ஒரு மணி நேரத்துல மிச்சத்தை எடுத்துடணும். இந்த மலைத் தண்ணி ஜனவரியில பல் கூசுற குளிர்ச்சி, நிறைய பூனைங்க தொடவே தொடாது. அகலமான கிண்ணத்துல காலையிலயும் மாலையிலயும் வெதுவெதுப்பா மாத்தி வைங்க, சாப்பாட்டுக் கிண்ணத்தையும் லிட்டர் பாக்ஸையும் (பூனை மலஜலம் கழிக்கிற பெட்டி) விட்டுத் தள்ளி.

கடுவனுக்கு மூத்திரக்குழாய் ரொம்பக் குறுகல். லிட்டர் பாக்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வரலைன்னா அடைப்பு. மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் கொடுத்துட்டு இருக்காதீங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடும். மழைக்காலத்துல மலைப்பாதை எப்ப அடைபடும்னு தெரியாது, அதனால விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே கிளம்பிடுங்க.

டிரை ஃபுட்டை எப்படி வைக்கிறீங்க? நம்ம பக்கம் மஞ்சு உள்ள வந்தா பிஸ்கட் நமுத்துப் போற மாதிரி இதுவும் நமுத்துப் போகும், பூஞ்சை பிடிக்கும். கிலோவுக்கு விலை குறைவுன்னு 7 கிலோ மூட்டை வாங்கினா, 54 கிராம் கணக்குக்கு 130 நாள் ஓடும், அதுக்குள்ள கொழுப்பு சிக்கு வாடை அடிச்சிடும். ஒன்றரைக் கிலோ பையா வாங்கி, பையோடயே காத்துப் புகாத டப்பாவுல வைங்க.

கிண்ணத்தை வாசல்ல, பின்கட்டுல வைக்கவே வைக்காதீங்க. கோத்தகிரியில கரடி வரும், கொடைக்கானல்ல காட்டுப்பன்றி. அதுங்க பின்னாடி வர்ற ஆபத்து பூனைக்கு மட்டுமில்ல. சிறுத்தை நடமாட்டம் இருக்கிற இடம்னா பொழுது சாயுறப்போ பூனை உள்ள இருக்கணும். சாயங்காலச் சாப்பாட்டை அந்த நேரத்துல வெச்சாலே தானா வந்துடும்.

சாப்பாடு இல்லைதான், ஆனா வாய்க்குள்ள போறது: நீலகிரியில பாலிஹவுஸ்ல வளர்க்குற லிலியம் (லில்லி) பூவை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணி எது பட்டாலும் பூனைக்குச் சிறுநீரகம் போயிடும். மேல ஒட்டின மகரந்தத்தை நக்கினாலே போதும்.

தேயிலைமேடு:

பவுச் சூடு பண்ணினதும் சுத்தமா சாப்பிட்டுடுச்சு. 85ல இருந்து 36க்கு எப்படி இறங்குறது? காலையில ஐந்து மணிக்கே கத்துது, அம்மா பாவம்னு ஒரு பிடி போட்டுடுறாங்க.

சாம்பல்வால் (குன்னூர்):

முதல் வாரம் பாலை நிறுத்துங்க, டிரை ஃபுட் 75 கிராம். ரெண்டாவது வாரம் 65. மூணாவது வாரம் 54, இல்லைன்னா பவுச்சோட 36. பவுச் இப்பதானே புதுசா ஆரம்பிக்கிறீங்க, முதல் நாலு நாள் கால் பவுச், அடுத்து அரை, அப்புறம் முழுசு. வயிறு இளகினா ஒரு படி பின்னாடி போங்க. பவுச்ல கூட்டின கலோரியை டிரை ஃபுட்ல கழிக்க மறக்காதீங்க.

அம்மாவைத் தடுக்க வேண்டாம். காலையில அன்னைக்கு முழுசுக்கும் உள்ளதை எடை போட்டு ஒரு சம்புடத்துல போட்டு வைங்க. யார் எப்ப போட்டாலும் அதுல இருந்துதான் எடுக்கணும், அது காலியானா அன்னைக்குக் கணக்கு முடிஞ்சது. அஞ்சு மணிக் கத்தலுக்கு, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி அந்தச் சம்புடத்துல இருந்தே 10 கிராம் கடைசியா வைங்க. கத்தினதும் எழுந்து போட்டா நாளைக்கு நாலரைக்கே கத்தும். பூனை எழுப்புறதுக்கும் நீங்க கிண்ணம் வைக்கிறதுக்கும் நடுவுல கால் மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.