புதுப்பிப்பு: சிஐஎஸ்எம்மா, சிஐஎஸ்எஸ்பியா? முடிவெடுத்துவிட்டேன்

மதுரை இலந்தைக்குளத்தில் நெட்வொர்க் நிர்வாகியாக இருக்கும் நான், தகவல் பாதுகாப்பு மேலாண்மைப் பக்கம் நகர, சிஐஎஸ்எம் (பாதுகாப்பு மேலாண்மைக்கான சான்றிதழ்), சிஐஎஸ்எஸ்பி (தகவல் பாதுகாப்பின் பல துறைகளையும் தழுவிய சான்றிதழ்) ஆகிய தேர்வுகளில் எதை முதலில் எழுதலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சிஐஎஸ்எஸ்பிக்குப் பணம் கட்டியாயிற்று.

இரண்டும் ஐந்தாண்டு அனுபவம் கேட்கின்றன. எந்த மாதிரி அனுபவம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சிஐஎஸ்எம் கேட்பது மேலாண்மை அனுபவம். ஃபயர்வாலோடு நான் மல்லுக்கட்டிய காலம் அங்கே பெரிதாக எடுபடாது. சிஐஎஸ்எஸ்பிக்கு அதன் பாடத்திட்டத்தில் உள்ள எட்டுத் துறைகளில் இரண்டிலாவது வேலை பார்த்திருந்தால் போதும். எனக்கு நெட்வொர்க் பாதுகாப்பும் அணுகல் கட்டுப்பாடும் கைவசம் உள்ளன. கணினிப் பட்டம் ஓராண்டைக் கழித்துத் தருகிறது.

அந்தப் பதிவில் அனுபவம் குறைவு என்று தயங்கிய தம்பிக்கு: சிஐஎஸ்எஸ்பியைத் தாராளமாக எழுதலாம். தேறினால் முழுச் சான்றிதழுக்கு முந்தைய 'அசோசியேட்' தகுதி கிடைக்கும்; அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ள ஆறாண்டு அவகாசம் உண்டு.

தகவல் பாதுகாப்பு மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001-ஐப் படிக்கச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. அலுவலகத்தில் அதற்கான உள்தணிக்கை வேலையைக் கேட்டு வாங்கிவிட்டேன். அந்தத் தரநிலையின் 2013 பதிப்பில் 114 ஆக இருந்த கட்டுப்பாடுகள் (பாதுகாப்பு நடவடிக்கைகள்) 2022 பதிப்பில் 93 ஆகிவிட்டன. குறைந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம், பலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சிஐஎஸ்எம்முக்குத் தேவையான மேலாண்மை அனுபவத்துக்கு இந்த உள்தணிக்கை வேலையே தொடக்கம்.

சிஐஎஸ்எஸ்பி தேறிய பிறகு, அதை வழங்கும் ஐஎஸ்சி2 அமைப்பின் சான்றிதழ் பெற்ற ஒருவர் நம் பணி அனுபவத்தை உறுதிசெய்ய வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஐஎஸ்சி2 அமைப்பே செய்யும். மதுரையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.