எட்டு மாதக் குழந்தைக்கு இயற்கைச் சாயத் துணிப்பொம்மை தரலாமா?

கேள்வி:
எங்கள் மகள் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துச் சப்புகிறாள். கைவினைக் கண்காட்சியில் இயற்கைச் சாயம் என்று சொல்லி விற்ற துணி யானையை அவளிடம் நம்பிக் கொடுக்கலாமா? அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை.

பதில் 1:
சாயம் செடியிலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. அது துணியில் பிடிப்பதற்கு என்ன சேர்த்தார்கள் என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள். மஞ்சிட்டிச் சிவப்புக்குப் படிகாரம் போதும், அவுரி நீலத்துக்கு அதுவும் தேவையில்லை; ஆனால் நிறத்தை மாற்றுவதற்காக மயில்துத்தம் என்னும் செம்பு உப்போ குரோமிய உப்போ போன்ற நச்சுப் பொருள் சேர்ப்பவர்களும் உண்டு என்பதால், விவரம் சொல்லத் தயங்குபவரிடம் நான் வாங்கமாட்டேன்.

பதில் 2:
இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே பதிவு விவரத்தைக் கேட்பதில் தவறில்லை.

பதில் 3:
சாயத்தைவிட எனக்குக் கவலை தருவது யானையின் கண்கள்தான். பொத்தான் வைத்துத் தைத்திருந்தால், குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் அதைப் பிரித்துவிட்டு நூலால் கண் தைத்துக்கொள்ளுங்கள். தையலை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். பஞ்சு எட்டிப் பார்த்தால் கொடுக்கவே வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால், சாயம் ஒட்டுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். மஞ்சள் தோய்த்த துணியானால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் விரைவாக வெளுத்துவிடும்.