கால் மிஷின்

குழு: நம்ம சந்து, ரங்கூன்

மாடி வீட்டு அண்ணி: பின்வீட்டுப் பிள்ளை விஷயம். 16 வயது, அம்மா இல்லை. ஒரு தரகர் வந்து வந்து போகிறார். மியாவடி எல்லை தாண்டி, தாய்லாந்தில் மேசோட்டில் வீட்டு வேலையாம், தங்க இடமும் சாப்பாடும் சும்மாவாம். அப்பா தலையாட்டிவிட்டார்.

மளிகைக் கடை மாமா: எந்த வீடு என்று கேட்டீர்களா?

அண்ணி: கேட்டேன். "அங்கே போனால் தெரியும்" என்றார். யாரும் அவள் பெயரை இங்கே போடாதீர்கள்.

கோடி வீட்டுத் தாத்தா: பேசாமல் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிடலாமே.

அண்ணி: தாத்தா, 2019 சட்டப்படி 18 ஆகாமல் கல்யாணம் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது.

டீக்கடைத் தம்பி: லைந்தாயா பக்கம் கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களே?

தையல் பெரியம்மா: அங்கே ஏழு வருஷம் காலர் மட்டும் தைத்தவள் நான். வெளியே வந்தபோது முழுச் சட்டை தைக்கத் தெரியாது. 2018இல் நாள் கூலி 4,800 சாட் ஆனது, என் கைத்தொழில் மட்டும் காலரோடு நின்றது. பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்.

பெரியம்மா: முதலில் பழைய பேப்பரில் வெட்டுவாள். மிஷின் மிதிக்க யாரும் பழகிவிடலாம், அடுத்தவர் துணியில் கத்திரி வைக்கத்தான் துணிச்சல் வேண்டும். அதுவரை பெண்கள் கட்டுகிற தமேன் லுங்கியை மூட்டி, இடுப்பில் கறுப்புப் பட்டி வைக்கட்டும். சின்ன வேலை, அன்றன்றே காசு.

மாமா: எங்கள் அம்மாவின் கால் மிஷின் பரணில் இருக்கிறது. பெல்ட் மாற்றினால் ஓடும்.

பெரியம்மா: அதுதான் சரி. கரன்ட் இருக்கும் நேரம் பார்த்து மோட்டார் ஓட்டினால், திஞ்சான் புத்தாண்டுக்குக் கொடுத்த துணி அடுத்த திஞ்சானுக்குத்தான் வரும்.

கோயில் சித்தப்பா: 🌺 இனிய காலை வணக்கம் 🌺

தம்பி: சித்தப்பா, இரவு ஒன்பது மணி.

அண்ணி: மிஷின் எங்கே இருக்கும்? அவள் வீட்டில் வைத்தால் அப்பா விற்றுவிடுவார்.

பெரியம்மா: என் திண்ணையில்தான்.

அண்ணி: கோபிக்காதீர்கள் பெரியம்மா. பழகுகிறாள் என்று சொல்லியே கூலி இல்லாமல் இரண்டு வருஷம் வேலை வாங்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா: என்னையா சொல்கிறாய்?

அண்ணி: உங்களை இல்லை.

மாமா: நான் சொல்கிறேன். மிஷின் அவளுக்குக் கொடுத்தது, இந்தக் குழுவே சாட்சி. பெரியம்மா திண்ணையில் இருந்தாலும் அவளுடையதுதான்.

பெரியம்மா: சரி. மூட்டும் ஒவ்வொரு தமேனுக்கும் கூலி அவள் கையில். ஒரு நோட்டும் வாங்கி வைக்கிறேன், அவளே எழுதட்டும். நான் ஒன்றும் பிள்ளை உழைப்பில் சாப்பிடுகிறவள் இல்லை.

தாத்தா: அப்பாவிடம் நான் பேசுகிறேன். நான் சொன்னால் கேட்பான். தரகர் வந்தால் டீக்கடையிலேயே நிறுத்து தம்பி.

தம்பி: டீ கொடுக்கவா வேண்டாமா?

தாத்தா: காசு வாங்கிக்கொண்டு கொடு.

அண்ணி: இப்போதுதான் அவளிடம் பேசினேன். சமைத்து வைத்துவிட்டு நாளை 2 மணிக்கு வருகிறாளாம். தன் சின்னத் தம்பியைத் தனியாக விட முடியாது, கூட்டி வரலாமா என்று கேட்கிறாள்.

பெரியம்மா: வரட்டும். கீழே விழுகிற குண்டூசி பொறுக்க எனக்கும் ஆள் இல்லை.